ஒட்டாத எலும்புக்கு மின்காந்தச் சிகிச்சை: கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

முறிந்த எலும்பு மாதக்கணக்காகியும் பொருந்தாமல் இருந்தால், வீட்டுக்கு வருகிற எல்லோரும் ஆளுக்கொரு வழி சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஒருவர் முறிவு நெரிவு வைத்தியரிடம் போகச் சொல்வார். இன்னொருவர் ஆட்டெலும்பு சூப் காய்ச்சிக் கொண்டுவருவார். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மச்சான் போன் எடுத்து, "இங்கே அதற்கு ஒரு காந்த மெஷின் இருக்கு, காலில் கட்டிக்கொண்டு இருந்தால் போதும், வெட்டத் தேவையில்லை" என்பார். இந்தக் கட்டுரை அந்த மெஷினைப் பற்றியது.

மச்சான் சொல்வது கற்பனை அல்ல. பொருந்தாத முறிவுகளுக்குத் துடிப்பு மின்காந்தப் புலக் கருவியை, அதாவது துடிப்புத் துடிப்பாகக் காந்தப் புலத்தை உண்டாக்கும் மெஷினை, பயன்படுத்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1979 இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் அது எல்லா முறிவுக்கும் உதவாது. கருவி எங்கே கிடைக்கும் என்று தேடுவதற்கு முன், எலும்பு ஏன் பொருந்தவில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்கள் காசை இழப்பது ஒருபக்கம் இருக்க, சத்திரசிகிச்சையோடு முடிந்திருக்க வேண்டிய ஒரு விஷயத்துக்கு ஆறேழு மாதத்தையும் இழந்துவிடுகிறார்கள். அந்த மாதங்களைத் திரும்ப வாங்க முடியாது.

முதலில்: இது உண்மையிலேயே பொருந்தாத முறிவுதானா?

தாமதமாகப் பொருந்துவதும் பொருந்தாமல் நின்றுவிடுவதும் ஒன்றல்ல. ஆராய்ச்சிகளிலும் அனுமதிப் பத்திரங்களிலும் அதிகம் பயன்படும் வரையறை இது: முறிந்து 9 மாதம் ஆகியிருக்க வேண்டும், அதில் கடைசி 3 மாதம் எக்ஸ்ரேயில் எந்த முன்னேற்றமும் தெரியாமல் இருக்க வேண்டும். எல்லா வைத்தியரும் ஒன்பது மாதம் காத்திருப்பார்கள் என்று அர்த்தமில்லை. எலும்பில் பெரிய இடைவெளி இருந்தாலோ, உள்ளே வைத்த பிளேட் உடைந்திருந்தாலோ, அதற்கு முன்பே முடிவெடுப்பார்கள்.

முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பு இந்தத் தொல்லைக்குப் பேர்போனது. அதன் முன்பக்கத்தில் தசை மிகக் குறைவு, தோலுக்கு அடுத்தபடியே எலும்புதான். அதனால் இரத்த ஓட்டமும் குறைவு. மோட்டார் சைக்கிள் விபத்தில் தோலும் கிழிந்து முறிந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது. மணிக்கட்டில் உள்ள சின்னஞ்சிறு ஸ்கஃபோயிட் எலும்பும் அப்படித்தான். கையை ஊன்றி விழுந்தபோது வந்த வெறும் சுளுக்கு என்று விட்டுவிட்டு, மாதங்கள் கழித்து அது முறிவு என்று கண்டுபிடிப்பவர்கள் ஏராளம்.

கைவசம் உள்ள எக்ஸ்ரேக்கள் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். விபத்தன்று எடுத்ததுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கொழும்பின் ஈரக்காற்றில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஆகவே ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு கடதாசி வைத்து, உறைக்கு வெளியே திகதியைப் பெரிதாக எழுதி, வரிசைப்படி அடுக்குங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து போனில் ஒவ்வொரு படமும் எடுத்து வைத்தால் தொலைந்தாலும் கைவிடாது. மூன்று மாதமாக முன்னேற்றம் இல்லை என்று ஒரு வைத்தியர் சொல்ல வேண்டுமானால், மூன்று மாதத்துக்கு முந்தைய படம் அவர் கையில் இருக்க வேண்டும். புதிய வைத்தியரிடம் ஒரேயொரு எக்ஸ்ரேயோடு போனால் அவர் மறுபடி முதலிலிருந்து காத்திருக்கச் சொல்வதில் தப்பில்லை.

பிறகு: நிபுணரிடம் கேட்க வேண்டியவை

அரசாங்க வைத்தியசாலையில் காட்டுபவர்கள் தங்கள் எலும்பு முறிவுக் கிளினிக்கிலேயே இந்தப் பேச்சைத் தொடங்கலாம். தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவில் சிகிச்சை பெற்றவர்களின் பழைய குறிப்புகள் அங்கேதான் இருக்கும். களுபோவிலையில் உள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலைக்குப் போனவர்களுக்கும் அப்படியே. தனியாரில் சனல் பண்ணிக் காட்டுவதென்றால் அரசாங்கக் கிளினிக் கொப்பியையும் டயக்னோசிஸ் காட்டையும் எடுத்துப் போங்கள். இரண்டு இடத்திலும் வைத்தியரோடு இருக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். கேள்விகளை முதல்நாளே எழுதி வைத்தால் அந்த நிமிடங்கள் வீணாகாது. வைத்தியரின் மொழி சரியாக விளங்காவிட்டால், முக்கியமான சொற்களைக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து தெரிந்தவரிடம் காட்டி விளக்கம் பெறலாம்.

முதல் கேள்வி, இது எந்த வகை என்பது. எக்ஸ்ரேயில் முறிந்த இரண்டு முனைகளும் அகன்று தடித்து, யானைப் பாதம் போல் விரிந்திருந்தால் அது ஹைப்பர்ட்ரோபிக் வகை. அங்கே இரத்த ஓட்டம் இருக்கிறது, எலும்பு வளரவும் முயல்கிறது. ஆனால் முறிந்த இடம் அசைந்துகொண்டே இருப்பதால் இரண்டு பக்கமும் இணைய முடியவில்லை. முனைகள் மெலிந்து, கூராகி, சுற்றிலும் புது எலும்பின் அடையாளமே இல்லாமல் இருந்தால் அது அட்ரோபிக் வகை. அங்கே வளர்ச்சியே நின்றுவிட்டது. முதல் வகைக்கு அசைவை நிறுத்துவதுதான் பிரதான வைத்தியம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைக்கும் எலும்பு ஒட்டு வேண்டியிருக்கும். உங்களுடையது எது என்று தெரியாமல் மின்காந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

இரண்டாவது, இடைவெளி எவ்வளவு? முனைகளுக்கு இடையே ஒரு சென்ரிமீற்றருக்கு மேலோ, அந்த இடத்தில் எலும்பின் அகலத்தில் பாதிக்கு மேலோ வெளி இருந்தால் இந்தக் கருவியால் அதை நிரப்ப முடியாது. எலும்பு கோணலாக நிற்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வளைந்த எலும்பைக் கருவி நிமிர்த்தாது. பொருந்தினாலும் வளைந்தபடியே பொருந்தும்.

மூன்றாவது, உள்ளே கிருமித் தொற்று இருக்கிறதா? திறந்த முறிவாக இருந்தாலோ பிளேட், ஆணி வைத்திருந்தாலோ இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். தழும்பிலிருந்து அவ்வப்போது நீர் வடிவது, அந்த இடம் சூடாகச் சிவப்பது, இரவில் குளிர்காய்ச்சல் வருவது, இவற்றைச் சின்ன விஷயம் என்று மறைக்காதீர்கள். ஈஎஸ்ஆர், சீஆர்பி இரத்தப் பரிசோதனைகள் ஒரு துப்புக் கொடுக்கும். தொற்று இருந்தால் முதலில் அதைத்தான் துப்புரவாக்க வேண்டும்.

நான்காவது, முறிவு அசையாமல் இருக்கிறதா? உள்ளே வைத்த ஸ்குரூ தளர்ந்திருந்தால், பிளேட் உடைந்திருந்தால், பிளாஸ்டர் லூசாகியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். சிலருக்கு முறிந்த இடத்தில் திரவம் நிறைந்த ஒரு பொய் மூட்டே உருவாகிவிடும். அந்த நிலையில் மின்காந்தச் சிகிச்சை வேலை செய்யாது.

நான்கு கேள்விக்கும் நல்ல பதில் கிடைத்தால், அதாவது எலும்பு நேராக, இடைவெளி சிறிதாக, தொற்று இல்லாமல், அசையாமல் இருந்தால், கருவியைப் பற்றிக் கேட்கலாம். கர்ப்பிணிகள், வளர்ச்சி முடியாத பிள்ளைகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், புற்றுநோயால் எலும்பு முறிந்தவர்கள் ஆகியோருக்கு இது சரிவராது. பக்கத்தில் படுப்பவருக்கு பேஸ்மேக்கர் இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

கருவி என்ன செய்கிறது?

1957 இல் ஜப்பானில் எயிச்சி ஃபுகாடாவும் இவாவ் யசுடாவும், காய்ந்த எலும்பை அழுத்தினால் அதில் சிறிதளவு மின்னழுத்தம் உண்டாவதைக் காட்டினார்கள். நடக்கும்போது எலும்பில் இது போன்ற மின்னழுத்தம் இயல்பாக உண்டாகிறது. சுமை விழும் இடத்தில் எலும்பு தடிப்பதற்கும் சுமையே இல்லாத இடத்தில் மெலிவதற்கும் இந்தச் சமிக்ஞைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று பலர் நினைத்தார்கள். நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த எலும்பு வைத்தியர் அன்ட்ரூ பாசெட் அதை ஒரு படி முன்னே கொண்டுபோனார். உடலை வெட்டாமல், வெளியே ஒரு சுருளை வைத்து, மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தால் எலும்புக்குள் மெல்லிய மின்புலத்தை உண்டாக்கினார். 1970களில் அவருடைய குழு முதலில் நாய்களிலும் பிறகு மனிதர்களிலும் இதைச் சோதித்தது.

புலத்தின் வலிமை பொதுவாகச் சில மில்லிரெஸ்லாவுக்குள் (காந்தப் புலத்தை அளக்கும் ரெஸ்லா என்ற அலகின் ஆயிரத்தில் சில பங்கு) அடங்கும். பல எம்ஆர்ஐ மெஷின்களின் வலிமை 1.5 ரெஸ்லா, அதாவது இதைப் போல் பல நூறு மடங்கு. அதனால் கட்டிக்கொண்டிருக்கும்போது சூடோ அதிர்வோ சுரீர் என்ற உணர்வோ எதுவும் தெரியாது. ஒன்றும் நடக்கவில்லையே என்று பலர் இதனாலேயே பாதியில் கழற்றி வைத்துவிடுகிறார்கள். ஒன்றும் தெரியாமல் இருப்பதே சரி. ஆய்வுக்கூடங்களில் எலும்பை உண்டாக்கும் கலங்களின் மேல் இந்தப் புலம் விழும்போது அவற்றுக்குள் கல்சியத்தின் நடமாட்டம் மாறுவதும், எலும்பு வளர்ச்சிக்குத் தேவையான புரதங்கள் கூடுவதும் காணப்பட்டிருக்கின்றன.

தோலுக்கு வெளியே வைக்கும் கருவிகளில் மூன்று வகை உண்டு. பாசெட்டின் வழியில் வந்த துடிப்புப் புலக் கருவிதான் பழையது, அதிகம் ஆராயப்பட்டது. கருவியைப் பொறுத்து ஒரு நாளைக்கு 3 மணி முதல் 10 மணி வரை கட்ட வேண்டும். நிலையான புலத்தையும் மாறும் புலத்தையும் சேர்த்துத் தரும் இன்னொரு வகைக்கு நாளொன்றுக்கு 30 நிமிடமே போதும். மூன்றாவது, தோலில் இரண்டு தகடு ஒட்டி நாள் முழுக்க வைத்திருப்பது. இவற்றோடு சத்திரசிகிச்சை மூலம் உள்ளே பதிக்கும் மின்வாய்க் கருவியைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு. பிசியோதெரபியில் நோவுக்கு வைக்கும் டென்ஸ் மெஷினும் வேறு. கையில் போடும் காந்த வளையலுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நிலையான காந்தத்தால் எலும்புக்குள் மின்புலம் உண்டாகாது.

எவ்வளவு நம்பலாம்?

இதில் நேர்மையாக இருக்க வேண்டும். 1984 இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் சிலருக்கு வேலை செய்யும் கருவியும் சிலருக்கு வெறும் பொம்மைக் கருவியும் கொடுத்தார்கள். இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் எலும்பு பொருந்தியது. எல்லோரும் பிளாஸ்டரோடு ஓய்வாக இருந்ததே காரணமாக இருக்கலாம். 1990 இல் தாமதமாகப் பொருந்தும் கணைக்கால் முறிவு உள்ள 45 பேரை வைத்துச் செய்த ஆய்வில், உண்மையான கருவி கிடைத்தவர்கள் தெளிவாக முன்னே நின்றார்கள். 2011 இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு நான்கு ஆய்வுகளை, மொத்தம் 125 பேரை, சேர்த்துப் பார்த்து, நன்மை இருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்லப் போதுமான சான்று இல்லை என்றது. 2016 இல் 15 ஆய்வுகளைத் திரட்டிய இன்னொரு பகுப்பாய்வு, எக்ஸ்ரேயில் பொருந்தாமல் போகும் அபாயம் சுமார் 35 சதவீதம் குறைவதாகக் கண்டது. நோவும் சற்றுக் குறைந்தது. ஆனால் அன்றாட நடமாட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

என் கணிப்பு இது: பொருத்தமான முறிவுக்கு, சத்திரசிகிச்சை ஆபத்தானவர்களுக்கு அல்லது அதற்கு இன்னும் நேரம் வராதவர்களுக்கு, முயன்று பார்க்கத் தகுந்த வழி. நூற்றுக்கு நூறு என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வாருங்கள்.

நுண் அதிர்வலை, அதாவது குறைந்த வலிமை அல்ட்ராசவுண்ட் கருவியையும் சிலர் சிபாரிசு செய்வார்கள். நாளுக்கு 20 நிமிடம் என்பதால் வசதிதான். புதிதாக முறிந்த கணைக்கால் எலும்பில் அது வேகத்தைக் கூட்டவில்லை என்று 501 பேரில் செய்த பெரிய ஆய்வு 2016 இல் காட்டியது. பொருந்தாத முறிவு விஷயத்தில் கதை வேறு என்பதால் நிபுணரிடமே கேளுங்கள்.

கருவியைத் தேடும்போது

சிபாரிசை எழுத்தில் வாங்குங்கள். எந்த வகைக் கருவி, ஒரு நாளைக்கு எத்தனை மணி, எத்தனை மாதம், எப்போது மறு எக்ஸ்ரே, இவை நான்கும் அதில் இருக்க வேண்டும். வைத்தியசாலையின் பிசியோதெரபிப் பிரிவில் அங்கேயே வைக்க முடியுமா, வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். வெள்ளவத்தையிலிருந்து தினமும் ஓட்டோவில் போய் வருவது பொருந்தாத காலோடு இலேசான காரியமல்ல. பல மணி நேரச் சிகிச்சைக்கு வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் கருவியே நடைமுறைக்கு உதவும்.

விற்பவரிடம் தயங்காமல் கேளுங்கள்: தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதியப்பட்டதா? 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மருந்துகளைப் போலவே மருத்துவக் கருவிகளுக்கும் பதிவு வேண்டும். எந்த நோய்க்கு என்று உற்பத்தியாளர் எழுதியிருக்கிறார் என்றும் பாருங்கள். முதுகு நோ, நித்திரையின்மை, சீனி வருத்தம், எலும்பு முறிவு எல்லாவற்றுக்கும் ஒரே பாய் என்று விற்பவை இந்தக் கட்டுரை பேசும் கருவிகள் அல்ல.

வெளிநாட்டு உறவினர் பாவித்து முடித்த கருவியை அனுப்பிவைப்பது கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் நடக்கக்கூடியதுதான், அன்போடு செய்வதுதான். இருந்தாலும் கவனம். இந்தக் கருவிகளில் பல ஒரே நோயாளிக்கு என்று செய்யப்பட்டவை. குறித்த காலம் முடிந்ததும் தானே நின்றுவிடும், அல்லது சுருளின் வடிவம் கைக்கு உரியதாக இருக்கும், உங்களுக்கோ காலில் முறிவு. சார்ஜரின் பின்பக்கத்தில் 100-240 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 110 வோல்ட் மட்டும் என்று இருந்தால் நம் 230 வோல்ட் பிளக்கில் நேரே குத்தினால் எரிந்துவிடும்.

கட்டிக்கொள்ளும் நாட்கள்

காந்தப் புலம் பிளாஸ்டருக்குள்ளாலும் போகும், துணிக்குள்ளாலும் போகும். பிளாஸ்டரைக் கழற்றத் தேவையில்லை. ஆனால் சுருளின் நடு, முறிந்த இடத்துக்கு நேரே நிற்க வேண்டும். நாலு விரல் தள்ளிப் போனாலும் அங்கே புலம் பலவீனமாகிவிடும். முதல் நாளே எக்ஸ்ரேயை வைத்து அளந்து, பிளாஸ்டரின் மேல் மார்க்கர் பேனையால் ஒரு சிலுவை போட்டுத் தரும்படி வைத்தியரிடமோ பிசியோவிடமோ கேளுங்கள். வீட்டில் கட்டிவிடுபவர் அம்மாவோ மகளோ யாராக இருந்தாலும் அந்தச் சிலுவையைப் பார்த்தே கட்டட்டும். பிளாஸ்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அடையாளத்தைப் புதிதாகப் போட வேண்டும்.

பிளாஸ்டர் இல்லாதவர்கள் பட்டிக்கு அடியில் மெல்லிய பருத்தித் துணி ஒன்று சுற்றிக்கொள்ளுங்கள். நம் புழுக்கத்தில் வியர்த்து, தோல் அவிந்து, கடி தொடங்கும். துணியைத் தினமும் மாற்றினால் அது வராது. தோல் சிவந்தால் அந்த இடத்தைக் காற்றாட விட்டு, கிளினிக்கில் சொல்லுங்கள்.

இனி நேரம். இதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். 1991 இல் வெளியான ஒரு தொடர் கண்காணிப்பில், சராசரியாக நாளுக்கு 3 மணியோ அதற்கு மேலோ கட்டியவர்களில் 80 சதவீதம் பேருக்கு எலும்பு பொருந்தியது. 3 மணிக்குக் குறைவாகக் கட்டியவர்களில் அது 36 சதவீதம் அளவுதான். அதில் பொம்மைக் கருவியோடு ஒப்பிடவில்லை என்பதால் முழுப் புகழையும் கருவிக்குக் கொடுக்க முடியாது. இருந்தாலும் விட்டு விட்டுக் கட்டுவதில் அர்த்தமில்லை என்பது தெளிவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு டீவி பார்க்கும் நேரம், நித்திரை நேரம் என்று மாறாத ஒரு நேரத்தோடு சேர்த்துவிடுங்கள். கலண்டரில் தினமும் தொடங்கிய நேரம், முடித்த நேரம் எழுதுங்கள். பல கருவிகள் பயன்படுத்திய மணிகளைத் தாமே பதிவு செய்யும். கிளினிக்குக்குப் போகும்போது அதைக் காட்டலாம். பற்றரியில் ஓடும் கருவியென்றால் காலையிலேயே சார்ஜ் போடுங்கள், இரவில் கரண்ட் போனாலும் கவலையில்லை.

காலை ஊன்றலாமா என்பதைக் கருவி முடிவு செய்யாது. வைத்தியர் எவ்வளவு பாரம் வைக்கச் சொன்னாரோ அவ்வளவுதான்.

கூடவே கவனிக்க வேண்டியவை

சிகரெட்டை நிறுத்தாமல் இந்தச் சிகிச்சையைத் தொடங்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகைப்பவர்களுக்கு எலும்பு பொருந்த அதிக காலம் எடுக்கிறது, பொருந்தாமல் போவதும் கூடுதல். நான் புகைப்பதில்லை என்று சொல்லிவிட்டு வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களும் கேளுங்கள், அதிலும் அதே நிகோட்டின்தான்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் சீனியைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் எந்தக் கருவியும் பெரிதாக உதவாது. விற்றமின் டி அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெயில் கொளுத்தும் ஊரென்றாலும் மாதக்கணக்காக வீட்டுக்குள் கிடப்பவருக்கு அது குறையும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற நோவுக் குளிசைகளை நீண்ட காலம் போடுவது எலும்பு பொருந்துவதைத் தாமதிக்கலாம் என்ற சந்தேகம் உண்டு. நீங்களாக நிறுத்தாமல், பனடோலோடு சமாளிக்க முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். சாப்பாட்டில் முட்டை, மீன், பருப்பு, பால், முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, குரக்கன் இவை தினமும் இருக்கட்டும். எலும்பு சூப் குடிக்கலாம். அதை மட்டும் நம்பி முட்டையையும் மீனையும் விட வேண்டாம்.

முறிவு நெரிவு வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்களிடம் ஒரேயொரு வேண்டுகோள்: இந்தக் காலத்தில் முறிந்த இடத்தை இழுக்கவோ உருவவோ விடாதீர்கள். அசையாமல் இருப்பதே இந்தச் சிகிச்சையின் அத்திவாரம்.

எப்போது நிறுத்துவது?

நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுப்பார்கள். இரண்டு கோணத்தில் எடுத்த படங்களில் எலும்பின் நான்கு பக்கத்தில் மூன்றிலாவது பாலம் போல் புது எலும்பு தெரிந்து, தட்டினாலும் ஊன்றினாலும் நோகாமல் இருந்தால் பொருந்திவிட்டதாகப் பொதுவாகக் கொள்வார்கள். உள்ளே பிளேட் மறைத்து சரியாகத் தெரியாவிட்டால் சீடி ஸ்கேன் கேட்கலாம்.

மூன்று மாதம் ஒழுங்காகக் கட்டியும் படத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் வைத்தியரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஆறு மாதத்திலும் அப்படியே என்றால் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று இழுக்க வேண்டாம். ஆணியை மாற்றித் தடித்த ஆணி வைப்பது, எலும்பு ஒட்டு வைப்பது, வெளியே வளையம் பூட்டும் இலிசரோவ் முறை என்று நல்ல வழிகள் அரசாங்க வைத்தியசாலைகளிலேயே இலவசமாக உண்டு. அந்தச் சந்திப்புக்குப் போகும்போது கருவி கட்டிய மணிக்கணக்கு எழுதிய கலண்டரையும் எடுத்துப் போங்கள். கருவி தோற்றதா, கட்டாமல் விட்டதா என்பதை அடுத்த முடிவுக்கு முன் வைத்தியர் அறிந்திருக்க வேண்டும்.